மருத்துவ ஆய்வில் மூன்றாம் பாலினம்: சட்டத்தில் இடமுண்டு, கணக்கில் இல்லை

புது தில்லி: திருநங்கைகள், திருநம்பிகள் உள்ளிட்டோரின் உரிமைகளைப் பாதுகாப்பதற்காக 2019-ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், அவர்களது உடல்நலம் தொடர்பாக அரசுக்குச் சில கடமைகளை விதித்தது. தனி எச்.ஐ.வி. கண்காணிப்பு மையங்கள், பாலின மாற்று அறுவைச் சிகிச்சை, ஹார்மோன் சிகிச்சை, மருத்துவக் காப்பீடு ஆகியவற்றை அச்சட்டத்தின் 15-ஆவது பிரிவு பட்டியலிட்டது. அவற்றோடு, இவர்களுக்கே உரிய நோய்களை மருத்துவர்கள் கையாளும் வகையில் மருத்துவப் பாடத்திட்டத்தையும் ஆராய்ச்சியையும் மறுஆய்வு செய்ய வேண்டும் என்ற ஒரு வரியும் அதில் இடம்பெற்றது.

மக்களவையில் ஆகஸ்ட் 5-ஆம் தேதியும், மாநிலங்களவையில் நவம்பர் 26-ஆம் தேதியும் மசோதா நிறைவேறியபோது எழுந்த சர்ச்சை, மாவட்ட ஆட்சியர் அளிக்கும் அடையாளச் சான்றிதழையும் தண்டனைப் பிரிவுகளையும் சுற்றியே அமைந்தது. ஆராய்ச்சி பற்றிய வரி அதில் அமிழ்ந்துபோனது. ஆனால், மற்ற வாக்குறுதிகள் அனைத்தும் அந்த ஒரு வரியைத்தான் நம்பி நிற்கின்றன. யாருக்கு என்ன நோய், எந்த மருந்து, எந்த அளவில் என்று தெரியாமல் சிகிச்சையும் இல்லை, காப்பீடும் இல்லை.

இரண்டே வினாத்தாள்கள்

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான் ஆண், பெண் என்ற இரண்டு பிரிவுகளுடன் 'மற்றவர்' என்ற மூன்றாவது பிரிவு முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. நாடு முழுவதும் 4,87,803 பேர் அதில் பதிவாயினர். உத்தரப் பிரதேசத்தில் மட்டும் 1,37,465 பேர். தமிழகத்தில் 22,364 பேர். அடையாளத்தை வெளியே சொல்லத் தயங்கியவர்கள் இக்கணக்கில் இல்லை என்பதால், உண்மை எண்ணிக்கை இதைவிட அதிகம் என்றே சமூகச் செயல்பாட்டாளர்கள் கூறி வருகின்றனர்.

மூன்று ஆண்டுகள் கழித்து, 2014 ஏப்ரல் 15-இல், நீதிபதிகள் கே.எஸ். ராதாகிருஷ்ணன், ஏ.கே. சிக்ரி ஆகியோரைக் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்தது. மருத்துவமனைகளில் இவர்களுக்கு உரிய சிகிச்சை கிடைக்க மத்திய, மாநில அரசுகள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. திமுக உறுப்பினர் திருச்சி சிவா கொண்டுவந்த தனிநபர் மசோதாவை 2015 ஏப்ரல் 24-இல் மாநிலங்களவை நிறைவேற்றியதும் இத்தீர்ப்பின் தொடர்ச்சியே.

நாட்டின் நலவாழ்வுத் திட்டங்களுக்கு அடிப்படையான தேசிய குடும்ப நல ஆய்வில் இதன் தாக்கம் குறைவு. 2019-21-இல் நடைபெற்ற ஐந்தாவது சுற்றில் 7,24,115 பெண்களிடமும் 1,01,839 ஆண்களிடமும் நேர்காணல் நடத்தப்பட்டது. பெண்களுக்கு ஒரு வினாத்தாள், ஆண்களுக்கு ஒரு வினாத்தாள். மூன்றாவது வினாத்தாள் இல்லை. ரத்தசோகை, ரத்த அழுத்தம், சர்க்கரை நோய் ஆகியவை குறித்து மாவட்டவாரியாகப் புள்ளிவிவரம் தரும் இந்த ஆய்வு, மூன்றாம் பாலினத்தவரைப் பற்றி அவ்வாறு ஏதும் சொல்லவில்லை.

பிரித்துப் பார்த்ததால் தெரிந்தது

தனியாகக் கணக்கெடுத்தால் என்ன பயன் என்று கேட்போருக்கு எச்.ஐ.வி. தடுப்புப் பணியே விடை தருகிறது. தொடக்க காலத்தில் திருநங்கைகள், ஆண்களுடன் உறவுகொள்ளும் ஆண்கள் என்ற பிரிவிலேயே சேர்த்து எண்ணப்பட்டனர். பின்னர் இரு பிரிவினரும் தனித்தனியே ஆராயப்பட்டனர். தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு 2014-15-இல் நடத்திய ஆய்வில், ஆண்களுடன் உறவுகொள்ளும் ஆண்களிடையே தொற்று 4.3 சதவீதமாகவும், திருநங்கைகளிடையே 7.5 சதவீதமாகவும் இருந்தது தெரியவந்தது. அப்போது நாட்டின் வயது வந்தோரிடையே தொற்று சுமார் 0.26 சதவீதம் மட்டுமே. இரு பிரிவினரையும் ஒன்றாக எண்ணியிருந்தால் இந்த வேறுபாடு வெளியே வந்திருக்காது. திருநங்கைகளுக்கென்று தனித் திட்டமும் வகுக்கப்பட்டிருக்காது.

எனினும், இந்த ஒரு வாசல் வழியாக மட்டுமே மருத்துவ உலகம் இவர்களைப் பார்த்தது என்பது இதன் மறுபக்கம். எச்.ஐ.வி.யைத் தவிர இவர்களுக்கு இதய நோய் வராதா, சிறுநீரகம் பழுதாகாதா, முதுமை வராதா என்ற கேள்விகளுக்கு இந்திய ஆய்வுகளில் கிடைக்கும் விடை சொற்பம். எச்.ஐ.வி. திட்டத்தின் பார்வை பெரும்பாலும் திருநங்கைகள் மீதே இருந்ததால், திருநம்பிகள் அந்த வாசலிலும் தென்படவில்லை.

மருத்துவர் முன் ஓர் அறிக்கை

இது ஏட்டளவிலான குறை அல்ல. ஹீமோகுளோபின் ஆண்களுக்கு 13 கிராமுக்கும், கர்ப்பமில்லாத பெண்களுக்கு 12 கிராமுக்கும் குறைந்தால் ரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனம் நெடுங்காலமாகப் பின்பற்றிய அளவுகோல். டெஸ்டோஸ்டிரோன் எடுத்துக்கொள்ளும் திருநம்பியின் ஹீமோகுளோபின் அந்த ஹார்மோனால் உயரும். அவரது ரத்தப் பரிசோதனை அறிக்கையை எந்த அளவுகோலைக் கொண்டு படிப்பது? சிறுநீரகச் செயல்திறனைக் கணக்கிடும் சூத்திரமும் ஆணா, பெண்ணா என்று கேட்ட பிறகே விடை தருகிறது.

காசநோய் மிகுந்த இந்நாட்டில் மற்றொரு சிக்கலும் உண்டு. காசநோய்க்குத் தரப்படும் ரிஃபாம்பிசின் மருந்து, ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரைகளின் பலனைக் குறைக்கும் என்பது மருத்துவர்கள் நன்கறிந்த செய்தி. ஈஸ்ட்ரோஜன் எடுத்துக்கொள்ளும் திருநங்கைக்குக் காசநோய் வந்தால் ஹார்மோன் அளவை எப்படி மாற்றுவது என்று முடிவு செய்யும் மருத்துவர், பிற நாட்டு வழிகாட்டுதல்களையும் தம் அனுபவத்தையுமே நம்ப வேண்டியிருக்கிறது.

கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான அரசின் பரிசோதனைத் திட்டம் 30 முதல் 65 வயது வரையிலான பெண்களுக்கானது. கருப்பை அகற்றப்படாத திருநம்பி, ஆவணத்தில் ஆண் என்று பதிவானவுடன் இந்த அழைப்புப் பட்டியலுக்கு வெளியே போய்விடுகிறார். நோய் வரும் வாய்ப்பு மட்டும் அவரைவிட்டுப் போவதில்லை.

பதிவேடு தந்த அச்சம்

கணக்கெடுக்கத் தொடங்கினால் மட்டும் போதாது. தம்மைப் பற்றிச் சொல்ல அவர்கள் முன்வரவும் வேண்டும். பிரிட்டிஷ் ஆட்சியில் 1871-ஆம் ஆண்டு கொண்டுவரப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டத்தின் ஒரு பகுதி இச்சமூகத்தினரைப் பதிவேட்டில் ஏற்றிக் காவல்துறையின் கண்காணிப்பில் வைத்தது. தன்பாலின உறவைக் குற்றமாக்கிய 377-ஆவது பிரிவின் பிடி 2018 செப்டம்பர் 6-ஆம் தேதிதான் தளர்ந்தது. அரசு எழுதும் பெயர்ப் பட்டியல் எதுவாயினும் ஐயத்தோடு பார்க்கும் பழக்கம் காரணமின்றி வந்ததல்ல. மேலும், ஒரே ஒரு திருநங்கை வாழும் சிற்றூரில் பெயரை நீக்கினாலும் புள்ளிவிவரமே ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும்.

மருத்துவப் பாடநூல்களும் இந்த ஐயத்தை வளர்த்தன. அவற்றில் உள்ள இழிவான கருத்துகளைக் களைய வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2021-இல் வலியுறுத்திய பிறகு, தேசிய மருத்துவ ஆணையம் அதற்கான அறிவுறுத்தலை வெளியிட்டது. ஆனால், 2024 ஆகஸ்ட் இறுதியில் அதே ஆணையம் வெளியிட்ட பாடத்திட்டத்தில் தன்பாலின உறவு இயற்கைக்கு மாறான குற்றமாக மீண்டும் இடம்பெற்றது. எதிர்ப்பு எழுந்ததும் செப்டம்பர் 5-ஆம் தேதி அது திரும்பப் பெறப்பட்டது.

செய்யக் கூடியவை

பிறப்பின்போது பதிவான பாலினம் எது, தற்போது தம்மை எந்தப் பாலினத்தவராகக் கருதுகிறார் என்ற இரு கேள்விகளைத் தனித்தனியே கேட்பது பல நாடுகளில் ஆய்வாளர்கள் கைக்கொள்ளும் முறை. இதற்குப் பெரும் செலவு இல்லை. கரோனா தடுப்பூசிக்கான கோவின் தளம் 'மற்றவர்' என்று தனியே பதிவு செய்து நாள்தோறும் எண்ணிக்கையை வெளியிட்டது. கோடிக்கணக்கானோரைப் பதிவு செய்யும்போதும் இது இயலும் என்பதற்கு அதுவே சான்று.

பாலினச் சிறுபான்மையினரை ஆய்வில் சிறப்புப் பாதுகாப்புத் தேவைப்படுவோராக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகள் குறிப்பிடுகின்றன. பாதுகாப்பு என்பது விலக்கி வைப்பதாக முடிந்துவிடக் கூடாது. அரசு நிதி பெறும் ஆய்வுகளில் மூன்றாம் பாலினத்தவரைச் சேர்க்காவிட்டால் அதற்கான காரணத்தைக் கூற வேண்டும் என நிபந்தனை விதிக்கலாம். ஆய்வுக் கேள்விகளை வகுக்கும் கட்டத்திலேயே அச்சமூகத்தினரையும் அமர்த்தலாம்.

ஆண்டுக்கு ரூ. 5 லட்சம் வரையிலான காப்பீட்டை மூன்றாம் பாலினத்தவருக்கு அளிக்க 2022 ஆகஸ்ட் 24-ஆம் தேதி மத்திய அரசு அமைப்புகளிடையே ஒப்பந்தம் கையெழுத்தானது. எந்த நோய்களுக்கு அப்பணம் தேவைப்படும் என்று கணிக்கவும் தரவு வேண்டும்.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027 மார்ச் 1-ஐ ஆதார நாளாகக் கொண்டு நடத்தப்படும் என்று 2025 ஜூனில் அறிவிக்கப்பட்டது. அது எத்தனை பேர் என்று சொல்லும். எப்படி வாழ்கிறார்கள், எந்த நோயால் இறக்கிறார்கள் என்று சொல்லாது. அதைச் சொல்லும் ஆய்வுகளுக்கு எவ்வளவு நிதி ஒதுக்கப்பட்டது, எத்தனை தொடங்கப்பட்டன என்று நாடாளுமன்ற உறுப்பினர்கள் கேள்வி நேரத்தில் கேட்கலாம். அந்த ஒரு வரியை 2019-இல் நிறைவேற்றிய அவைகளுக்கு அதைக் கேட்கும் கடமையும் உண்டு.