17 தடவை பேசினார்கள், ரெயில் நின்றுவிட்டது!

குத்தகை முடிந்தால் நிலத்தைச் சொந்தக்காரரிடம் திருப்பிக் கொடுக்கவேண்டும். ஆனால், அந்த நிலத்தில் லட்சக்கணக்கானோர் குடியிருந்தால்?

ஹாங்காங்கில் எழுந்த கேள்வி அதுதான்.

சீனாவின் தென்கரையில் உள்ள இந்தத் துறைமுக நகரை, பிரிட்டன் 150 ஆண்டுகளுக்கு மேல் ஆண்டது. அதன் பெரும்பகுதி நிலம் 1898-ல் 99 ஆண்டுக் குத்தகைக்கு வாங்கியது. 1997 ஜூலை 1-ந் தேதி நகரம் முழுவதையும் சீனாவிடம் ஒப்படைப்பதாக, 1984-ல் இரு நாடுகளும் ஒப்பந்தம் செய்துகொண்டன.

இடையில் 1995-ல் ஒரு சட்டசபைத் தேர்தல் வந்தது. பதவிக்காலம் 4 ஆண்டு. பாதியில் ஆட்சி மாறினால் உறுப்பினர்களின் கதி என்ன?

வண்டி மாறாமல் எல்லையைக் கடக்கும் ரெயிலைப் போல, அவர்கள் 1999 வரை பதவியில் தொடரலாம் என்று ஏற்பாடு இருந்தது. இதற்கு 'நேர் ரெயில்' என்றே பெயர்!

தொழிலாளிக்கும் ஓட்டு

1992-ல் கிறிஸ் பேட்டன் கவர்னராக வந்தார். சட்டசபையில் 60 இடங்கள். அவற்றில் 30 இடங்கள், தொழில் வாரியாகத் தேர்ந்தெடுக்கப்படுபவை. வக்கீல்கள், டாக்டர்கள், வியாபாரிகள் போன்றோருக்கே அங்கு ஓட்டு இருந்தது. புதிதாக 9 தொகுதிகள் அமைத்து, 27 லட்சம் தொழிலாளர்களுக்கும் ஓட்டு கொடுக்கவேண்டும் என்றார் பேட்டன்.

சீனா சீறியது. இது 1990-ல் இயற்றிய அடிப்படைச் சட்டத்துக்கு விரோதம் என்றது. ஆண்ட காலமெல்லாம் கொடுக்காத உரிமையை, போகிற நேரத்தில் கொடுப்பது ஏன் என்றும் கேட்டது. அந்தக் கேள்வியில் உண்மை இல்லாமல் இல்லை. அங்கு சட்டசபைக்கு முதல் நேரடித் தேர்தல் 1991-ல்தான் நடந்தது. அதுவும் 18 இடங்களுக்கு மட்டுமே!

காலியான நாற்காலி

1993 ஏப்ரலில் பெய்ஜிங்கில் பேச்சு தொடங்கியது. நவம்பர் வரை 17 சுற்றுகள் நடந்தன. ஹாங்காங் அதிகாரிகள் பிரிட்டிஷ் குழுவில் ஒருவராக உட்கார்ந்தார்கள். ஆனால், ஹாங்காங் மக்களின் பிரதிநிதி என்று தனியாக யாருக்கும் நாற்காலி இல்லை. பேச்சு முறிந்தது.

பேட்டன் திட்டத்தைச் சட்டசபைக்குக் கொண்டு போனார். 1994 ஜூனில், அதைக் குறுக்கும் திருத்தம் ஒரே ஓட்டில் தோற்றது. திட்டம் நிறைவேறியது.

அந்தச் சபையைக் கலைப்போம் என்று சீனா அறிவித்தது. சொன்னபடியே செய்தது. 1997 ஜூன் 30-ந் தேதி நள்ளிரவோடு, மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்கள் பதவி இழந்தனர். 400 பேர் கொண்ட குழு தேர்ந்தெடுத்த தற்காலிக சபை அந்த இடத்துக்கு வந்தது. ரெயில் எல்லையிலேயே நின்றுவிட்டது!

அடுத்த தேர்தல் 1998 மே மாதம் நடந்தது. 9 புதிய தொகுதிகளில் தொழிலாளர்களுக்குக் கிடைத்த ஓட்டு பறிபோயிருந்தது. நேரடித் தேர்தலுக்கு இருந்தவை 20 இடங்கள்தான். அன்று கொட்டு கொட்டென்று மழை கொட்டியது. ஆனாலும், வாக்காளர்களில் நூற்றுக்கு 53 பேர் வந்து ஓட்டுப் போட்டார்கள். 1995-ல் வந்தவர்கள் 36 பேர்தான்.

பேச்சு மேஜையில் இடம் கிடைக்காதவர்கள், மழையில் வரிசையில் நின்றார்கள்.