வாஷர் உங்களுடையது, குழாய் ஓனருடையது

சென்னையில் வாடகைக்குக் குடியிருப்பவர்களிடம் தண்ணீருக்குப் பல விதமாகப் பணம் வாங்குகிறார்கள். சில வீடுகளில் மாதம் இவ்வளவு என்று வாடகையோடு சேர்த்துவிடுவார்கள். சில இடங்களில் மோட்டார் கரன்ட், கோடையில் லாரித் தண்ணீர் என்று பங்கு பிரிப்பார்கள். பிளாட்டுக்கு பிளாட் மீட்டர் வைத்த அடுக்ககங்களில்தான் வம்பு. வழக்கமான தொகை ஒரு மாதம் மூன்று மடங்காக வந்து நிற்கும். அசோசியேஷனில் கேட்டால், "மீட்டர் பொய் சொல்லுமா சார்?" என்பார்கள். ஓனரோ, "புழங்கினது நீங்கதானே" என்று முடித்துக்கொள்வார்.

சண்டைக்குக் கிளம்பும் முன் ஒரு கணக்குப் போடுங்கள். நகரங்களில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது அரசு வைத்திருக்கும் அளவுகோல். நான்கு பேருக்கு மாதம் 16,200 லிட்டர். மீட்டர் 50,000 காட்டினால், பெரும்பாலும் எங்கோ ஒழுகுகிறது. நிமிடத்துக்கு ஒரு லிட்டர் கசிந்தாலே மாதத்துக்கு 43,000 லிட்டர் போய்விடும்.

இரவு எல்லாக் குழாயையும் மூடி, ஆர்.ஓ. மெஷினையும் நிறுத்திவிட்டு மீட்டரைப் படம் எடுங்கள். விடிந்ததும், யாரும் பாத்ரூம் போகும் முன், இன்னொரு படம். எண் நகர்ந்திருந்தால் முதல் சந்தேகம் பிளஷ் டேங்க் மேல்தான். மூடியைத் திறந்து கொஞ்சம் மஞ்சள் தூளைக் கரைத்து ஊற்றி, அரை மணி நேரம் பிளஷ் செய்யாமல் விடுங்கள். கோப்பைக்குள் மஞ்சள் இறங்கினால் அடி வாஷர் போய்விட்டது. பீங்கானை ஒட்டியே வழிவதால் சத்தமும் இருக்காது, கண்ணுக்கும் தெரியாது. ஆங்கிள் காக்குகளை எல்லாம் அடைத்த பிறகும் மீட்டர் ஓடுகிறதா? சுவருக்குள் பதித்த குழாயில்தான் கோளாறு. எதிர் பிளாட்டின் மீட்டரை உங்கள் பேரில் எழுதிக்கொண்டிருப்பதும் உண்டு. உங்கள் வால்வை மூடி எந்த மீட்டர் நிற்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

சரி, யார் கட்டுவது? 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணை பழுதுகளைப் பங்கு பிரித்திருக்கிறது. குழாய் மாற்றுவது ஓனர் பொறுப்பு. டேப், டேப் வாஷர், கழிப்பறைச் சாதனங்களின் பழுது குடியிருப்பவர் பொறுப்பு. ஓடி வீணான தண்ணீரைப் பற்றி அந்த அட்டவணையில் பேச்சே இல்லை. என்னைக் கேட்டால், பழுது யாருடையதோ பில்லும் அவருடையதுதான். ஆனால் கசிவு தெரிந்தும் ஓனரிடம் சொல்லாமல் இருந்தால், அந்த நாட்களுக்கான பணத்தை நீங்கள்தான் தர வேண்டும். ஆகவே கண்டுபிடித்த அன்றே வாட்ஸ்அப்பில் படத்தோடு ஓனருக்குத் தெரிவித்துவிடுங்கள். போனில் சொன்னதற்குச் சாட்சி கிடையாது. தகராறு முற்றினாலும் தண்ணீரை நிறுத்த ஓனருக்கு உரிமை இல்லை. அதையும் அதே சட்டம் தடுக்கிறது.

அடுத்த முறை ஒப்பந்தம் போடும்போது, குடிபுகும் நாளின் மீட்டர் அளவையும், கசிவால் ஏறும் பில் யார் தலையில் என்பதையும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.