வெளித்தண்ணீரும் உள்தண்ணீரும்

ஜூன் முதல் தேதி பிறந்தால் மகாராஷ்டிரக் கடலில் இயந்திரப் படகுகளுக்கு மீன்பிடித் தடை. ஜூலை 31 வரை நீடிக்கும். மும்பை டிராம்பேயின் கோலிவாடா மீனவர்களுக்கும், பக்கத்தில் சீட்டா கேம்ப்பில் குடியிருக்கும் நம் தமிழர்களுக்கும் கரையேற்றிய படகு புதிதல்ல. அடியில் ஒட்டிய கொட்டலசைச் சுரண்டுவது, ஓட்டை ஒழுக்கு பார்ப்பது, சாயம் பூசுவது என்று மழைக்கால வேலைகள் நடக்கும். ஆனால் இவை போய்த் திரும்பும் படகுகள். மாதக்கணக்கில் படகையே வீடாக்கிக்கொண்டு போகிறவர்களின் பாடு வேறு. அவர்களுடைய பட்டியல் பாய், கயிறு, மருந்து, பேட்டரி என்று நீண்டுகொண்டே போகும். எனக்கென்னவோ, அதில் பாதிக்கு மேல் இரண்டு கேள்விகளுக்குள் அடங்கிவிடும் என்று தோன்றுகிறது. வெளித்தண்ணீர் உள்ளே வராமல் இருக்குமா? உள்தண்ணீர் கெடாமல் இருக்குமா?

இரண்டுக்கும் பாடம் சொன்ன படகு ஒன்று மும்பையிலேயே பிறந்தது. அதன் பெயர் சுஹைலி. 1960களின் முற்பகுதியில், பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனியில் அதிகாரியாக இருந்த ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் இங்குள்ள தச்சர்களை வைத்துத் தேக்கில் கட்டினார். நீளம் 32 அடிதான். தேக்கு வீண் ஆடம்பரமில்லை. அதிலுள்ள எண்ணெயும் சிலிக்காவும், மரத்தைத் துளைத்துத் தின்னும் கப்பல் புழுவை எளிதில் அண்டவிடாது. அந்தச் சின்னப் படகில்தான் அவர் 1968 ஜூன் 14 அன்று இங்கிலாந்தின் ஃபால்மத்தை விட்டுக் கிளம்பி, எங்கும் நிற்காமல் தனியாளாக உலகைச் சுற்றி, 312 நாள் கழித்து 1969 ஏப்ரல் 22 அன்று அதே ஊரில் கரையேறினார். அதற்கு முன் யாரும் செய்யாதது அது.

தேக்கு உறுதியாகத்தான் இருந்தது. கசிந்தது பலகை இடுக்கு. மரப்படகில் பலகைக்கும் பலகைக்கும் நடுவே பருத்தித் திரியை அடித்து இறுக்கிக் கலப்பத்து போடுவார்கள். மரம் நீரில் ஊறி உப்பும்போது திரி இன்னும் இறுகும். ஆனால் அலையில் படகு முறுக்கிக்கொள்ளும்போது பலகைகள் ஒன்றோடொன்று உராய்ந்து நகரும். திரி பிதுங்கி வெளியே வரும். கிளம்பிச் சில வாரங்களிலேயே, ஏராக்கட்டையை ஒட்டிய இடுக்கு இரண்டு பக்கமும் வாய் திறந்துவிட்டது. மேலிருந்து எட்டாத இடம். நாக்ஸ்-ஜான்ஸ்டன் மூச்சை அடக்கிக்கொண்டு முங்கினார். திரியை மட்டும் அடித்துப் பார்த்தார், நிற்கவில்லை. பிறகு கித்தானில் நீளப் பட்டை தைத்து, அதில் செப்பு ஆணிகளை வரிசையாகச் செருகிக்கொண்டு, சுத்தியலைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, மறுபடி இறங்கினார். நடுவில் சுறா ஒன்று வட்டமிட, மேலேறித் துப்பாக்கியால் சுட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடர முடிந்தது. கடைசியில் பட்டைக்கு மேல் செப்புத் தகடும் அடித்தார். கரையில் நிதானமாகச் செய்திருக்க வேண்டிய வேலைக்குக் கடல் கேட்கும் கூலி இது.

இரண்டாவது கேள்வி அந்தச் செப்டம்பரில் வந்தது. ஆப்பிரிக்காவின் தென்முனைக்கு அப்பால் புயலில் படகு பக்கவாட்டில் சாய்ந்து விழ, தொட்டிகளில் இருந்த நல்ல தண்ணீர் கெட்டுப்போனது. மீதி வழிக்குப் பாயில் வழிந்த மழைதான் கைகொடுத்தது. அதிலும் அவசரப்பட்டால் ஆகாது. முதல் மழையில் பாயில் காய்ந்த உப்பெல்லாம் கரைந்து வரும். அதை விட்டுவிட்டு, பாய் கழுவப்பட்ட பிறகுதான் வாளியை வைக்க வேண்டும்.

இன்று கடல்நீரிலிருந்தே நல்ல தண்ணீர் எடுக்க ஆர்.ஓ. (எதிர்ச் சவ்வூடு பரவல்) இருக்கிறது. டிராம்பேயின் பாபா அணு ஆராய்ச்சி மையத்தை அணு உலைக்காக மட்டுமே அறிந்தவர்கள் பலர். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆராய்ச்சியும் அங்கே பல பத்தாண்டுகளாக நடக்கிறது. அங்கிருந்த சைரஸ் அணு உலையின் வீண் வெப்பத்திலேயே உப்பு நீக்கிக் காட்டினார்கள். நம் கல்பாக்கத்தில் அவர்கள் அமைத்த ஆலையின் திறன் நாளொன்றுக்கு 63 லட்சம் லிட்டர். அதில் 18 லட்சம் ஆர்.ஓ. பங்கு.

ஆர்.ஓ.வின் சூட்சுமம் அழுத்தத்தில் இருக்கிறது. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு. ஒரு சவ்வின் இந்தப் பக்கம் கடல்நீர், அந்தப் பக்கம் நல்ல நீர் என்று வைத்தால், நல்ல நீர்தான் உப்பை நோக்கி ஓடும். அந்த ஓட்டத்தைத் தடுத்து நிறுத்தவே வளிமண்டல அழுத்தத்தைப்போல ஏறக்குறைய 27 மடங்கு வேண்டும். திருப்பி ஓடவைக்க 55, 60 மடங்கு கொடுக்கிறார்கள். படகுக்கென்று வரும் சிக்கனமான கருவிகள், வெளியேறும் உப்புநீரின் அழுத்தத்தையே மீண்டும் பயன்படுத்தி, லிட்டருக்கு நான்கைந்து வாட்-மணியில் முடித்துவிடும். பத்து லிட்டருக்கு ஆகும் மின்சாரம், வீட்டு மின்விசிறி ஒரு மணி நேரம் சுற்றுவதற்குள் அடங்கும். சோலார் பலகை போதும்.

மின்சாரத்தைவிடச் சவ்வைக் காப்பதுதான் பெரும்பாடு. டிராம்பே, மாஹுல் பக்கத்துக் கழிமுக நீரில் கருவியை ஓட்டவே கூடாது. சேறு அடைக்கும், எண்ணெய்ப் படலம் சவ்வையே பாழாக்கும். ஆழ்கடல் வந்த பிறகுதான் பொத்தானைத் தொட வேண்டும். சரி, குழாய்த் தண்ணீரால் கழுவலாமே என்றால், மாநகராட்சி கலக்கும் குளோரின் பாலிஅமைடு சவ்வை அரித்துவிடும். வீட்டு ஆர்.ஓ.வின் முன்னால் கரி வடிகட்டி இருப்பது இதற்காகவும்தான். ஓட்டாமல் சில நாள் விட்டாலோ, உள்ளேயே பாக்டீரியா குடியேறிவிடும். அதனால் பயணத் தயாரிப்பு என்பது எந்திரத்தை வாங்கி மாட்டுவதோடு முடிவதில்லை. உதிரி வடிகட்டிகள், பாதுகாப்பு ரசாயனம், எந்திரம் படுத்துவிட்டால் பிழைக்கத் தனியே கேன்களில் கட்டிவைத்த தண்ணீர் ஆகியவையும் அதில் சேர்த்தி. எல்லாத் தண்ணீரையும் ஒரே தொட்டியில் வைப்பவர்களைத் துணிச்சல்காரர்கள் என்று நான் சொல்லமாட்டேன்.

இப்படி மாதக்கணக்கில் படகையே வீடாக்கிக்கொண்டு போனவர்கள் நம் நாட்டிலும் உண்டு. புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமியும் கேரளத்தின் தில்னாவும் இந்தியக் கடற்படையின் தாரிணி படகில் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து புறப்பட்டார்கள். இரண்டே பேர், 56 அடிப் படகு. ஃப்ரீமேன்டில், லிட்டில்டன், போர்ட் ஸ்டான்லி, கேப் டவுன் வழியாக 2025 மே 29 அன்று திரும்பினார்கள். பயிற்சிக்கே மூன்று ஆண்டுகள் பிடித்தன.

அவர்களுக்கு வழிகாட்டியவர் கடற்படையின் முன்னாள் அதிகாரி அபிலாஷ் டோமி. அவர் 2022 செப்டம்பரில் கலந்துகொண்ட, தனியாளாக நிற்காமல் உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் படகுப் போட்டியின் விதி வேடிக்கையானது. அவசரப் பாதுகாப்புக் கருவிகள் தவிர, நாக்ஸ்-ஜான்ஸ்டனுக்கு 1968இல் கிடைக்காத கருவி யாருக்கும் கிடையாது. ஆர்.ஓ. இல்லை, மறுபடி மழையும் பாயும்தான். 236 நாளில் முடித்து இரண்டாவதாக வந்தார்.