நல்லூரும் பட்டினமும்

கரவெட்டியிலிருந்து யாழ்ப்பாண நகருக்குச் செல்வோர் நெல்லியடியைக் கடந்து, வல்லை வெளியின் உப்புக் காற்றை ஏற்று, நீர்வேலி, கோப்பாய், இருபாலை வழியாகப் பருத்தித்துறை வீதியிலே செல்வர். நகரின் கடைத்தெருவை அடையுமுன் நல்லூர்க் கந்தசுவாமி கோவில் எதிர்ப்படும். பழைய தலைநகரைக் கடந்தே புதிய தலைநகரை அடைகின்றோம் என்பதை வண்டியில் இருப்போருள் எத்தனைபேர் எண்ணுகின்றனர்?

ஆரியச் சக்கரவர்த்திகளின் இராசதானி நல்லூர். அதன் நாற்றிசைக்கும் காவலாகக் கிழக்கே வெயிலுகந்த பிள்ளையார், மேற்கே வீரமாகாளி, வடக்கே சட்டநாதர், தெற்கே கைலாயநாதர் கோவில்கள் அமைந்தன என யாழ்ப்பாண வைபவமாலை கூறும். 1450ஆம் ஆண்டளவில் கோட்டை அரசனுக்காகச் சப்புமல் குமாரயா இந்நகரைக் கைப்பற்றினான். புவனேகபாகு என்னும் பெயர் இன்றும் கந்தசுவாமி கோவிற் கட்டியத்தில் ஒலிக்கின்றது. பகைவனாக வந்தவன் பெயரையும் போற்றும் பண்பு வேறெங்கு உண்டோ அறியேன்.

இவ்வரசின் செல்வம் வயலில் மட்டும் விளைந்ததன்று. மன்னார்க் கடலின் முத்தும், சங்கும், வன்னி யானைகளும் அதன் பண்டாரத்தை நிறைத்தன. அச்செல்வமே பறங்கியரையும் ஈர்த்தது. 1619இல் சங்கிலி சிறைப்பட்டான். கோவைக்குக் கொண்டு செல்லப்பட்டு ஆங்கே கொல்லப்பட்டான். 1621இல் ஒலிவேறா என்னும் தளபதி கந்தசுவாமி கோவிலை இடித்தான். அதன் கற்கள் கோட்டை கட்டப் பயன்பட்டன என்பது வழிவழிச் செய்தி.

தலைநகர் ஏன் இடம் பெயர்ந்தது? கப்பலை நம்பி ஆள்வோருக்கு உள்நாட்டு நகர் உதவாது. கடனீரேரிக் கரையிலே கோட்டை எழுந்தால் உதவியும் உணவும் நீர்வழியே வந்துசேரும். ஆகவே இரண்டு மைல் தூரத்துக்குள் ஓர் அரசு முடிந்து மற்றோர் அரசு தொடங்கியது. 1658இல் வந்த ஒல்லாந்தர் அக்கோட்டையை ஐங்கோண வடிவிலே புதுக்கினர். 1795இல் ஆங்கிலேயர் அதனைக் கைக்கொண்டனர். ஆயினும் 1734இல் கந்தசுவாமி கோவில் இன்றுள்ள இடத்தில் மீண்டும் எழுந்ததை நோக்குமிடத்து, ஆட்சி பெயர்ந்ததே அன்றி மக்களின் நெஞ்சம் பெயரவில்லை என்பது விளங்கும்.

புதிய பட்டினத்தை வளர்த்தவை அயற் கிராமங்களே. தோட்டக்காரர் துலாவால் நீரிறைத்து வளர்த்த புகையிலை திருவிதாங்கூர்வரை சென்றது. செம்மண் சிறிது, குடும்பம் பெரிது. எனவே கல்வியையும் ஒரு பயிராக வளர்த்தோம். நல்லூரிலே 1822இல் பிறந்த ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையிலே பாடசாலை நிறுவினார். 1905இல் கொழும்புப் புகைவண்டி இணைந்தபின், கற்ற இளைஞர் உத்தியோகம் நாடித் தெற்கே சென்றனர். அவர்கள் அனுப்பிய பணத்தால் ஊரிலே கல்வீடுகள் எழுந்தன.

இக்கல்விப் பற்றின் வடிவமாகவே 1959இல் பொது நூலகக் கட்டடம் திறக்கப்பட்டது. 1981ஆம் ஆண்டு மே இறுதியில், ஓரிரவில், ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச் சுவடிகளும் எரிந்தன. கோவிலை இடித்தவன் கல்லையேனும் விட்டுச் சென்றான். 1990இல் நின்ற புகைவண்டி 2014இல் மீண்டும் நகரை அடைந்தது. நூலகமும் புதுக்கப்பட்டுத் திறந்துள்ளது. ஆனால் அந்தச் சுவடிகளுக்குப் படி இல்லை.

யாழ்ப்பாணம் இன்று வட மாகாணத்தின் தலைநகர். எனினும் 2013இல் தெரிவான மாகாண சபை கூடியது நகருக்கு வெளியே கைதடியில். இந்நாட்டுத் தலைநகருக்கு நடக்கும் பழக்கம் இன்னும் விடவில்லை போலும்!

மாணவரை நல்லூருக்கு அழைத்துச் செல்லும்போதெல்லாம், “அரண்மனை எங்கே, ஐயா?” என்று கேட்பர். சங்கிலித் தோப்பு வாயிலையும், ‘ப’ எழுத்தைப்போல் அமைந்த யமுனாரிக் கேணியையும் காட்டுவேன். சிதைந்து நிற்கும் மந்திரிமனையையும் காட்டி, இன்று காணும் கட்டடம் பிற்காலத்தது என்பதையும் மறையாது சொல்வேன். அவர்கள் கேணியின் படிகளை எண்ணத் தொடங்குவர், வண்டிக்கு நேரமாகிவிடும்.