பிள்ளைக்கு ஓயாத களைப்பா? சோம்பேறி என்று சொல்லுமுன் கழுத்தைப் பாருங்கள்



"இந்தப் பிள்ளைக்கு என்ன வந்திச்சோ தெரியல. காலையில எழுப்பினா எழும்ப மாட்டேங்குது. பள்ளிக்கூடம் விட்டு வந்தா சுருண்டு படுத்துக்குது. சொன்னது ஒண்ணும் ஞாபகம் இல்ல."

வலப்பனை, ராகலை, உடப்புசல்லாவைப் பக்கத்து லயங்களில் இப்படியான பேச்சு புதியதல்ல. பக்கத்து வீட்டார் ஆளுக்கொன்று சொல்வார்கள். ஒருவர் சோம்பேறித்தனம் என்பார். இன்னொருவர் வயசுக்கு வந்த பிள்ளை அப்படித்தான் இருக்கும் என்பார். கண்ணூறு பட்டிருக்கு, நூல் கட்டுங்க என்றும் சொல்வார்கள். இதற்குள் மாதங்கள் ஓடிவிடும். பிள்ளை வகுப்பில் பின்தங்கி, சாதாரண தரப் பரீட்சை எழுதாமலே நின்றுவிடும். ஒரு சிறு சுரப்பியின் கோளாறு ஒரு பிள்ளையின் படிப்பையே நிறுத்திவிடலாம் என்பதால்தான் இந்த விஷயத்தை இம்முறை எடுத்துக்கொண்டோம்.

எது சாதாரணக் களைப்பு?

பதின்ம வயதுப் பிள்ளைக்கு இரவில் எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும். விடியற்காலை எழும்பி, தண்ணீர் தூக்கி, தம்பி தங்கச்சியைக் கவனித்து, மேட்டிலும் பள்ளத்திலும் நடந்து பள்ளிக்கூடம் போகும் பிள்ளை களைத்துப்போவது இயல்பு. நன்றாகத் தூங்கினால், ஞாயிற்றுக்கிழமை ஓய்ந்திருந்தால், அந்தக் களைப்பு போய்விடும்.

தூங்கி எழும்பியும் தீராத களைப்பு, இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் நீடிக்கும் களைப்பு, விளையாட்டில் கூட ஆசை இல்லாத களைப்பு என்றால் கட்டாயம் காட்ட வேண்டும். எமது தோட்டங்களில் இதற்கு முதலில் தேட வேண்டிய காரணம் இரத்தச்சோகை. பூச்சித் தொல்லை, நீரிழிவு, காசநோய், இருதயக் கோளாறு, மனக்கவலை ஆகியவையும் பிள்ளையைச் சோர்த்துவிடும். அந்த வரிசையில் பல வேளை மறந்து விடப்படுவது தைரொயிட்.

கழுத்தில் இருக்கும் சிறு சுரப்பி

கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குக் கீழே, வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தது போல ஒரு சுரப்பி இருக்கிறது. அதுதான் தைரொயிட். அதில் ஊறும் தைரொக்சின் என்ற சுரப்பு உடம்பு முழுவதும் போய், எந்த வேகத்தில் வேலை செய்வது என்று சொல்கிறது. அடுப்பில் விறகை வெளியே இழுத்தால் தீ தணிவது போல, தைரொக்சின் குறைந்தால் உடம்பு மந்தமாகும். கூடிப்போனால் படபடவென்று எரியும்.

இந்தச் சுரப்பியை மேய்ப்பது மூளையின் அடியில் இருக்கும் இன்னொரு சுரப்பி. அது டி.எஸ்.எச். என்ற கட்டளையை அனுப்புகிறது. மலையில் வேலை மந்தமானால் கங்காணியின் சத்தம் கூடும் அல்லவா? அதே மாதிரி தைரொயிட் மந்தமானால் இரத்தத்தில் டி.எஸ்.எச். கூடும். தைரொயிட் அளவுக்கு மீறி வேலை செய்தால் டி.எஸ்.எச். குறையும். "டி.எஸ்.எச். கூடியிருக்கு" என்று டாக்டர் சொன்னால் சுரப்பி சோர்ந்திருக்கிறது என்றுதான் பொருள். பலர் இதைத் தலைகீழாக விளங்கிக்கொள்கிறார்கள்.

உப்பும் கழலையும்

தைரொக்சின் உண்டாக அயடீன் வேண்டும். வளர்ந்த பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் போதும். ஆயுள் முழுவதற்கும் சேர்த்தாலும் ஒரு தேக்கரண்டி அளவுதான் வரும். ஆனால் அது தினமும் கிடைக்க வேண்டும். கனமழை பெய்யும் இடங்களில் மண்ணிலுள்ள அயடீன் கழுவப்பட்டுப் போவதால், அங்கே விளையும் மரக்கறியிலும் அது குறைவாக இருக்கும். அயடீன் போதாவிட்டால் சுரப்பி வீங்கி முன்கழுத்தில் கழலையாகத் தள்ளும்.

இலங்கையில் 1986இல் 17 மாவட்டங்களில் பள்ளிப் பிள்ளைகளைப் பார்த்தபோது 100 பேருக்கு ஏறக்குறைய 19 பேருக்குக் கழலை இருந்தது. அதனால்தான் 1995இல் நாம் சாப்பிடும் உப்பில் அயடீன் சேர்க்க வேண்டும் என்று சட்டம் வந்தது. பின்னர் செய்த ஆய்வுகளில் பிள்ளைகளுக்குப் போதுமான அயடீன் கிடைப்பது தெரிந்தது. பெரிய வெற்றிதான்.

"அப்படியானால் இன்னும் ஏன் தைரொயிட் வருகிறது?" என்று கேட்பீர்கள். இன்னொரு காரணம் உண்டு. கிருமியோடு சண்டை போட வேண்டிய உடம்பின் காவற்படை, சில பேருக்குத் தன் சொந்தச் சுரப்பியையே எதிரி என்று நினைத்துத் தாக்கும். 1912இல் ஹாஷிமோட்டோ என்ற ஜப்பானிய வைத்தியர் இதை முதலில் எழுதினார். அவர் பெயரால்தான் இந்நோயை அழைக்கிறார்கள். ஆண்களைவிடப் பெண்களுக்கு இது அதிகம். ஒரே குடும்பத்தில் பலருக்கு வரலாம். இலங்கைப் பள்ளி மாணவிகளைப் பற்றி 2000ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வில், தைரொயிட்டுக்கு எதிரான பொருள் பலரின் இரத்தத்தில் காணப்பட்டது. ஆனால் அவர்களில் பெரும்பாலானோருக்குச் சுரப்பி ஒழுங்காகவே வேலை செய்தது. ஆகவே அந்தப் பொருள் இருக்கிறது என்றதும் பயப்படத் தேவையில்லை. அவ்வப்போது பார்த்துவர வேண்டும், அவ்வளவுதான்.

இப்படி வந்த நோய்க்கு உப்பைக் கூட்டிச் சாப்பிடுவது மருந்தாகாது. பிரஷர்தான் ஏறும். அயடீன் உள்ள உப்பை வழக்கமான அளவில் பாவியுங்கள். கல்லுப்பைக் கழுவாதீர்கள். மூடிய போத்தலில், அடுப்புச் சூடு படாமல் வையுங்கள். கறி இறக்கும் நேரத்தில் உப்புப் போட்டால் அயடீன் வீணாகாது.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

தைரொயிட் மந்தமானால்: மற்றப் பிள்ளைகள் வெயிலில் விளையாடும்போதும் இந்தப் பிள்ளை சுவெட்டரைக் கழற்றாது. தோல் வறளும், முடி கொட்டும், மலம் இறுகும், முகம் ஊதும், குரல் கரகரக்கும், மறதி வரும். மாதவிலக்கு அதிகமாகப் போகலாம், அல்லது ஒழுங்கு தவறலாம். உயரம் கூடுவது நின்றுவிடலாம். வயசுக்கு வருவது பிந்தலாம். லயத்துக் கதவு நிலையில் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பிள்ளையின் உயரத்தைக் கோடு போட்டு வைத்தால் இது தெரிந்துவிடும்.

தைரொயிட் கூடினால்: நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும். நன்றாகச் சாப்பிட்டும் மெலியும். கண் பிதுங்குவது போல இருக்கும். இந்தப் பிள்ளையும் களைப்பு என்றுதான் சொல்லும்.

கழுத்தைப் பார்ப்பது சுலபம். வெளிச்சத்தில் நிற்க வைத்து, முகத்தைச் சற்று மேலே தூக்கி, ஒரு மிடறு தண்ணீர் விழுங்கச் சொல்லுங்கள். கழுத்தின் முன்பக்கத்தில் வீக்கம் ஒன்று விழுங்கும்போது மேலே போய் இறங்கினால், டாக்டரிடம் காட்டுங்கள். வீக்கம் இல்லை என்பதற்காக நோயும் இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம்.

ஆஸ்பத்திரியில் என்ன கேட்பது?

முதலில் தோட்ட ஆஸ்பத்திரியிலோ அரசாங்க ஆஸ்பத்திரியிலோ காட்டுங்கள். வெறுமனே "களைப்பு" என்றால் சத்து மாத்திரையோடு அனுப்பிவிடக் கூடும். ஆகவே இரண்டு வாரம் ஒரு கொப்பியில் எழுதிக் கொண்டு போங்கள்: எத்தனை மணிக்குப் படுத்தது, எப்போது எழும்பியது, என்ன சாப்பிட்டது, மாதவிலக்கு எத்தனை நாள், பள்ளிக்கூடம் எத்தனை நாள் போகவில்லை, குடும்பத்தில் யாருக்காவது தைரொயிட் உண்டா. எழுதியதைக் காட்டினால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

பிறகு மரியாதையாக, ஆனால் தயங்காமல் கேளுங்கள்: "ஐயா, இரத்தச்சோகையும் சீனியும் பார்க்கலாமா? தைரொயிட்டுக்கு டி.எஸ்.எச். பார்க்கலாமா?" இந்தப் பரிசோதனை எல்லாச் சின்ன ஆஸ்பத்திரியிலும் இருக்காது. நுவரெலியாவுக்கோ கண்டிக்கோ எழுதித் தரச் சொல்லலாம். சிங்களத்தில் பேச வேண்டி வந்தால் சில சொற்கள் உதவும்: 'மஹன்சி' களைப்பு, 'சீதல' குளிர், 'பெல்ல' கழுத்து, 'லே' இரத்தம், 'பெஹெத்' மருந்து.

ஒரு நாள் போனால் ஒரு பேர் போய்விடும் என்பது எங்களுக்குத் தெரியும். அம்மாதான் போக வேண்டும் என்றில்லை. அப்பா, சித்தி, மாமா யாரும் கூட்டிப் போகலாம். பழைய துண்டுகள் எல்லாவற்றையும் ஒரே பையில் வைத்திருந்தால் அதே பரிசோதனைக்குத் திரும்பவும் அலைய வேண்டி வராது.

முதல் தடவையிலேயே பதில் கிடைக்காமல் போகலாம். டி.எஸ்.எச். கொஞ்சம் மட்டும் கூடி, டி-4 என்ற அளவு சரியாக இருந்தால், இரண்டு மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பார்ப்பார்கள். பல பிள்ளைகளுக்கு அது தானாகவே சரியாகும். "மருந்து தரல, ஏமாத்திட்டாங்க" என்று நினைத்துத் திகதியை விட்டுவிடாதீர்கள்.

மாத்திரையும் தேத்தண்ணியும்

1891இல் இங்கிலாந்தில் ஜோர்ஜ் மரே என்ற வைத்தியர், தைரொயிட் மந்தத்தால் தளர்ந்துபோன 46 வயதுப் பெண்ணுக்கு ஆட்டுத் தைரொயிட்டின் சாற்றை ஏற்றினார். அந்த அம்மா எழும்பி நடமாடி 74 வயது வரை வாழ்ந்தார். இன்று ஊசி வேண்டாம். தினமும் ஒரு சிறு தைரொக்சின் மாத்திரை போதும். சுரப்பியில் ஊறுவதும் மாத்திரையில் இருப்பதும் ஒரே பொருள்தான்.

ஆனால் நமது பழக்கம் ஒன்று இதற்கு இடைஞ்சல். எழும்பியதும் தேத்தண்ணி! தேநீரோடும் பாலோடும் விழுங்கினால் மருந்து சரியாக உடம்பில் சேராது. வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு மாத்திரை. அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான் தேத்தண்ணியும் ரொட்டியும். காலையில் முடியாவிட்டால், இரவுச் சாப்பாட்டுக்கு மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போது போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

இரும்புச்சத்து மாத்திரையும் கல்சியமும் தைரொக்சினைத் தடுக்கும். நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். சாப்பிட்ட கையோடு சாயத்தண்ணி குடித்தால் சோற்றிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தும் சேராது. அதற்கும் ஒரு மணி நேரமாவது பொறுங்கள்.

மாத்திரை தொடங்கிச் சில வாரங்களில் பிள்ளை தெளியும். ஆறு முதல் எட்டு வாரத்தில் திரும்ப இரத்தம் பார்த்து அளவைச் சரிசெய்வார்கள். தெளிந்துவிட்டது என்று நீங்களாக நிறுத்தினால் பழைய களைப்பு மெல்லத் திரும்பும். களைப்பு போகவில்லை என்று நீங்களாகக் கூட்டினால் இருதயம் படபடக்கும்.

இரத்த அளவு சரியாக வந்தும் பிள்ளை சோர்ந்தே இருந்தால் காரணம் வேறு எங்கோ இருக்கிறது. இரத்தச்சோகை சேர்ந்தே இருக்கலாம். தூக்கம் போதாமல் இருக்கலாம். பள்ளியிலோ வீட்டிலோ வெளியில் சொல்ல முடியாத துன்பம் இருக்கலாம். திட்டாமல் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். எடை குறைந்து, தோல் கறுத்து, வாந்தியும் தலைச்சுற்றும் வந்தாலோ, அடிக்கடி தண்ணீர் குடித்து அடிக்கடி சிறுநீர் போனாலோ உடனே காட்ட வேண்டும். பிள்ளை மயங்கி விழுந்தால் 1990க்கு அடியுங்கள். சுவசெரிய அம்புலன்சுக்குக் காசு இல்லை.

ஊர்ப் பேச்சுக்குப் பயப்பட வேண்டாம்

"தைரொயிட் பிள்ளைக்குக் கல்யாணம் நடக்காது, பிள்ளை பிறக்காது" என்று சொல்வார்கள். அது பிழை. ஒழுங்காக மருந்து எடுப்பவர்கள் படிக்கலாம், ஓடி விளையாடலாம், கல்யாணம் முடித்துப் பிள்ளை பெறலாம். கர்ப்பம் என்று தெரிந்தவுடன் கிளினிக்கில் சொல்ல வேண்டும். அப்போது மாத்திரை அளவு கூட்ட வேண்டி வரும். தொட்டால் ஒட்டும் நோயும் அல்ல.

கோயிலுக்கு நேர்த்தி வைப்பது உங்கள் விருப்பம். அதை நாங்கள் குறை சொல்லவில்லை. நேர்த்தியும் வையுங்கள், இரத்தமும் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் ஆசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைத்தால், வகுப்பில் தூங்கும் பிள்ளைக்கு அடியும் ஏச்சும் விழாது.

உடம்பு முடியவில்லை என்று ஒரு பிள்ளை சொன்னால் முதலில் நம்புவோம். இந்த மாதம் உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் கழுத்தை ஒரு தடவை பாருங்கள். சந்தேகம் இருந்தால் தோட்டத்து மருத்துவ மாதுவிடமோ நலன்புரி உத்தியோகத்தரிடமோ கேளுங்கள். படிப்பை நிறுத்துவதற்கு முன் அந்த ஒரு இரத்தப் பரிசோதனை முடிந்திருக்கட்டும்.