குருதிக் குழாயைத் தைத்தவர்

நம் உடலிற் குருதி ஓடும் குழாய்களின் உட்புறத்தை ஒரு படலம் போர்த்திருக்கின்றது. அஃது ஓர் உயிரணுவின் கனமே உடையது, மிக வழவழப்பானது. அது பழுதுறாதவரை குருதி தங்குதடையின்றி ஓடும். கீறுண்டாலோ, அடியிலுள்ள தசையைத் தொட்ட குருதி அவ்விடத்திலேயே உறைந்து வழியை அடைத்துவிடும். வெளிப்புண்ணில் நம்மைக் காக்கும் இவ்வியல்பே, குழாயைத் தைக்கப் புகுந்த மருத்துவர்க்குப் பெருந்தடையாயிற்று.

1894-ஆம் ஆண்டு சூன் திங்களில், பிரெஞ்சு நாட்டுக் குடியரசுத் தலைவர் கார்னோ இலியோன் நகரிற் கத்தியாற் குத்துண்டார். கல்லீரலுக்குக் குருதி கொண்டுசெல்லும் பெருஞ்சிரை அறுபட்டது. தேர்ந்த மருத்துவர் சூழ்ந்திருந்தும் அதனைத் தைக்கும் வகை அறிந்திலர். சில மணி நேரத்தில் அவர் உயிர் நீத்தார். அந்நகரில் மருத்துவம் பயின்றுகொண்டிருந்த அலெக்சிஸ் காரெல் என்னும் இளைஞர் உள்ளத்தில் இஃது ஆழப் பதிந்தது.

இலியோன் பட்டுக்குப் பெயர்போன ஊர். காரெல் அங்குப் பூத்தையலில் வல்ல அம்மையார் ஒருவரிடம் நுண்ணிய ஊசியும் பட்டு நூலும் கையாளப் பழகினார். மருத்துவர் ஒருவர் தையல் அம்மையார்முன் மாணவராய் அமர்ந்த காட்சியை எண்ணுந்தோறும் எனக்கு மகிழ்ச்சி உண்டாகின்றது.

1902-இல் அவர் வெளியிட்ட முறை இது: அறுபட்ட இரு முனைகளையும் சேர்த்து, ஒத்த இடைவெளியில் மூன்று தையலிட்டு, அந்நூல்களை மூன்று திசையில் மெல்ல இழுத்தல் வேண்டும். வட்டமான வாய் அப்பொழுது முக்கோணமாகும். ஒவ்வொரு பக்கமும் நேர்கோடாய் நிற்றலின், ஊசி எதிர்ச்சுவரைக் குத்தாது. துணியின் ஓரத்தைப்போலத் தைத்துச் செல்லலாம். விளிம்புகளைச் சற்றே வெளிப்புறம் மடித்து, உட்படலத்தோடு உட்படலமே பொருந்துமாறு செய்தார். படலத்தை இடுக்கியாற் பற்றலும் கூடாது. உலர விடுதலும் கூடாது. நூலுக்கும் வாசலின் பூசினார். சொரசொரப்பான நூல் அப்படலத்தைக் கிழித்தல் கூடுமன்றோ?

1908-இல் நியூயார்க் நகரில், மருத்துவர் ஒருவருடைய பெண்மகவு, பிறந்து சில நாளே ஆனது, உட்குருதிப் பெருக்கால் வெளிறி இறக்குந் தறுவாயில் இருந்தது. அந்நகரிற் பணிபுரிந்துவந்த காரெலை இரவில் எழுப்பி அழைத்து வந்தனர். குருதியை உறையாமற் குப்பியில் வைக்கும் வழி அக்காலத்து மருத்துவர்க்கு வாய்க்கவில்லை. ஆதலின் தந்தையின் மணிக்கட்டுத் தமனியை மகவின் காற்சிரையோடு பொருத்தித் தைத்தார். எத்துணைச் சிறிய சிரை! படலம் கீறுண்டு குருதி உறைந்திருப்பின் அனைத்தும் வீணாகியிருக்கும். தந்தையின் குருதி மகவினுட் பாய்ந்தது; வெளிறிய தோல் சிவந்தது; குழந்தை பிழைத்தது.

1912-இல் காரெலுக்கு நோபெல் பரிசு கிடைத்தது. இன்றும் விபத்தில் அறுந்த குழாயைத் தைப்போர், உட்படலத்தை இடுக்கி நசுக்காதவாறு காத்து, விளிம்பை வெளிப்புறம் மடித்தே ஊசியைச் செலுத்துகின்றனர்.