சிறுநீர்ப்பையில் குடியேறும் கிருமி

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தையல் மெஷினில் வேலை பார்க்கும் பெண்களிடம் பேசிப் பாருங்கள். காலை ஷிஃப்டுக்குக் கிளம்பும்போதே தண்ணீரைக் குறைத்துக்கொள்வதாகப் பலரும் சொல்வார்கள். எழுந்து போனால் அன்றைய பீஸ் கணக்கு குறையும், சூப்பர்வைசர் முகம் மாறும். அதனால் மாலை வரை அடக்கிவைக்கிறார்கள். பிறகு நீர்க்கடுப்பு வருகிறது. சூடு பிடித்துவிட்டது என்று பார்லித் தண்ணீரும் மோரும் குடிக்கிறார்கள். அடங்காவிட்டால் மெடிக்கலில் கேட்டு நாலு மாத்திரை. சில மாதம் கழித்து மறுபடியும் அதே எரிச்சல். இப்படியே வருடங்கள் ஓடும்போது, "இது கேன்சர்ல கொண்டுபோய் விட்டுடுமா?" என்ற பயம் மனதில் உட்கார்ந்துகொள்கிறது.

இப்படிக் கேட்பவர்களில் மிகப் பெரும்பாலோருக்குச் சொல்ல வேண்டிய பதில்: விடாது. பெண்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது சிறுநீர்த் தொற்று வருகிறது. ஆனால் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் ஆண்களுக்குத்தான் மூன்று நான்கு மடங்கு அதிகம். அதன் முதல் காரணம் பீடி, சிகரெட். அடுத்தது சாயம், ரப்பர் தொழில்களில் புழங்கிய அரோமாட்டிக் அமீன்கள் என்ற வேதிப்பொருள்கள். ஃபிராங்க்ஃபர்ட்டின் சாயத் தொழிலாளர்களிடம் இந்தப் புற்றுநோயை லுத்விக் ரேன் என்ற அறுவை மருத்துவர் கண்டு சொன்னது 1895இல். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, 1994இல் வயிற்றுப்புண் கிருமியான ஹெலிகோபாக்டர் பைலோரியைப் புற்றுநோய்க் காரணிகளின் பட்டியலில் சேர்த்தது. சாதாரண சிறுநீர்த் தொற்றுக் கிருமிகள் அந்தப் பட்டியலில் இல்லை.

வந்து போகும் தொற்று வேறு, வருடக்கணக்கில் குடியிருக்கும் தொற்று வேறு. இரண்டாவதை அலட்சியப்படுத்த முடியாது.

லேபில் சிறுநீருக்குள் ஒரு காகிதப் பட்டையை முக்கி எடுப்பார்கள். அதில் ஒரு சதுரம் இளஞ்சிவப்பாக மாறினால் ரிப்போர்ட்டில் 'நைட்ரைட் பாசிட்டிவ்' என்று எழுதுவார்கள். நாம் சாப்பிடும் கீரையிலும் காய்கறியிலும் உள்ள நைட்ரேட் சிறுநீரில் வெளியேறுகிறது. ஈ.கோலை போன்ற பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக மாற்றிவிடுகின்றன. அந்த நைட்ரைட் சிறுநீரில் உள்ள அமீன்களுடன் சேர்ந்தால் நைட்ரோசமீன்கள் உருவாகும். இவற்றில் பல, விலங்குகளில் புற்றுநோயை உண்டாக்குபவை. நாள்பட்ட தொற்றுள்ளவர்களின் சிறுநீரில் இவற்றைக் கண்டறிந்திருக்கிறார்கள். போதாததற்கு, ஈ.கோலையில் சில வகைகள் கோலிபாக்டின் என்ற நஞ்சைச் சுரக்கின்றன. அது சிறுநீர்ப்பை செல்களின் டிஎன்ஏவைச் சேதப்படுத்துவதை எலிகளில் பார்த்திருக்கிறார்கள். கிருமியோடு போராடும் நம் வெள்ளை அணுக்கள் கக்கும் ரசாயனங்களும் பக்கத்துச் செல்களைச் சுடுகின்றன. செத்த செல்லுக்குப் பதிலாகப் புதிய செல் பிரிந்து பிரிந்து வந்துகொண்டே இருக்கும்போது, பிழை நேரும் வாய்ப்பும் கூடுகிறது. கடைசியில், நீரைத் தாங்கும் மென்மையான உட்சுவர் தோலைப் போலத் தடித்துப்போகிறது. செதிள் செல் வகைப் புற்றுநோய் முளைப்பது பெரும்பாலும் இந்தத் தடித்த இடத்தில்தான்.

இந்த ஆபத்து அதிகமாக உள்ளவர்களைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. மதுரவாயல் பைபாஸிலோ பூந்தமல்லி டிரங்க் ரோட்டிலோ பைக்கோடு விழுந்து முதுகுத்தண்டு முறிந்தவர்கள். சாரத்திலிருந்து தவறி விழுந்த கட்டடத் தொழிலாளிகள். சிறுநீர் வருவது அவர்களுக்குத் தெரியாது, தானாகப் போகவும் போகாது. டியூப் போட்டு, கட்டில் ஓரத்தில் யூரின் பேக்கைத் தொங்கவிட்டு வீட்டுக்கு அனுப்புவார்கள். டியூப் உள்ளே இருக்கும்வரை கிருமியும் இருக்கும். புரோட்டியஸ் என்ற பாக்டீரியா யூரியாவைச் சிதைத்து, டியூபின் மேல் கல்லைப் படிய வைக்கும். கல் உட்சுவரை உரசிக்கொண்டே இருக்கும். பல ஆண்டுகள் டியூபோடு வாழ்ந்தவர்களுக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

இதற்கு வழி உண்டு. ஜாக் லாப்பிடஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1972இல் சொன்ன வழி அது. நிரந்தர டியூப் வேண்டாம். நாளுக்கு நான்கைந்து முறை நோயாளியே கையைச் சுத்தமாகக் கழுவி, மெல்லிய குழாயைச் செலுத்தி நீரை வடித்துவிட்டு, குழாயை எடுத்துவிடலாம். இதைக் கற்றுக்கொள்ள இடங்களும் உண்டு. வேலூர் சிஎம்சி மருத்துவமனையின் டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். 1966இல் அங்கே மறுவாழ்வு நிலையமும் உருவானது. சென்னையில் கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவமனை இருக்கிறது. இப்படிப்பட்ட இடங்களில் இந்த முறையைக் கற்றுக்கொள்ளலாம். விபத்துக்குப் பிறகு யாருமே அதைச் சொல்லிக்கொடுக்காமல் போவதுதான் என்னை வருத்துகிறது.

பாக்டீரியா புற்றுநோய்க்கு வழிவிடும் இதே சிறுநீர்ப்பையில்தான் இன்னொரு பாக்டீரியா மருந்தாகவும் வேலை செய்கிறது. அது குழந்தைகளின் தோளில் போடும் காசநோய்த் தடுப்பூசியான பிசிஜி. ஆவடியைத் தாண்டி ரயில் போகும் திருவள்ளூர் வட்டாரம் அன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. பிசிஜி காசநோயைத் தடுக்கிறதா என்ற உலகின் மிகப் பெரிய சோதனை அங்கே 1968இல் தொடங்கியது. சுமார் 2.8 லட்சம் பேருக்கு பிசிஜியோ மருந்தில்லாத ஊசியோ போட்டு, 15 ஆண்டுகள் கவனித்தார்கள். பெரியவர்களுக்கு நுரையீரல் காசநோயிலிருந்து பாதுகாப்பு கிடைக்கவில்லை. அந்த முடிவுகள் வருவதற்கு முன்பே, 1976இல், கனடாவில் அல்வாரோ மொராலஸ் என்ற மருத்துவர் அதே பிசிஜியைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்தி, ஒன்பது புற்றுநோயாளிகளிடம் பலனைக் கண்டு எழுதிவிட்டார். அவருக்குக் கிடைத்த மருந்து ஆறு குப்பிகளாக வந்தது. அதனால் வாரம் ஒன்றாக ஆறு வாரம் கொடுத்தார். இன்றும் முதல் சுற்று ஆறு வாரம்தான். மெல்லிய குழாய் வழியாக மருந்தைச் செலுத்திவிட்டு, இரண்டு மணி நேரம் சிறுநீர் போகாமல் இருக்கச் சொல்வார்கள். உட்சுவரில் ஒட்டும் கிருமி, நோய் எதிர்ப்பு அணுக்களை அங்கே கூட்டிவருகிறது. அவை புற்று செல்களையும் சேர்த்து அழிக்கின்றன. இந்த அழற்சி சில வாரங்களுக்கு மட்டும், மருத்துவர் கண்பார்வையில் நடப்பது. சிறுநீரில் வேறு தொற்று இருந்தால் அது அடங்கும்வரை அன்றைய டோஸையே தள்ளிவைப்பார்கள்.

ஆனால் பிசிஜி வேலை செய்வது புற்று உட்சுவரோடு நிற்கும்வரைதான். தசைக்குள் இறங்கிவிட்டால் பெரும்பாலும் பையையே எடுத்துவிட்டு, குடலின் ஒரு துண்டில் சிறுநீருக்கு வழி செய்ய வேண்டியிருக்கும். அதனால் நாள் கடத்தாமல் கண்டுபிடிப்பதுதான் முக்கியம். முதல் அறிகுறி பெரும்பாலும் வலியே இல்லாமல் சிறுநீரில் வரும் ரத்தம். ஒருநாள் வரும், நின்றுவிடும், மூன்று மாதம் எட்டிப் பார்க்காது. சூட்டுக்கு வந்தது என்று விட்டுவிடுவார்கள். பெண்களுக்கு இன்னும் மோசம்: தொற்று என்று சொல்லி ஆன்டிபயாட்டிக் மேல் ஆன்டிபயாட்டிக் கொடுத்தே மாதங்கள் கழிந்துவிடும்.

சிறுநீர் கல்ச்சர் சோதனையில் கிருமி வளராமல் ரத்தம் மட்டும் இருந்தால் அதைத் தொற்று என்று மூடிவைக்கக் கூடாது. கிருமி இருந்தால், மாத்திரை முடிந்த பிறகு சிறுநீரை மறுபடி சோதிக்க வேண்டும். அப்போதும் சிவப்பணுக்கள் தெரிந்தால், குறிப்பாக 40 வயதைத் தாண்டியவர்களும் புகைபிடிப்பவர்களும், சிறுநீரக அறுவை மருத்துவரிடம் போய்விட வேண்டும். கண்ணுக்குத் தெரியும்படி ரத்தம் போனவர்கள் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம். வயிற்று ஸ்கேனில் எல்லாம் சரி என்று வந்தாலும், தட்டையாகப் படரும் சிறிய புற்று அதில் தப்பிவிடக்கூடும். அதனால் மரத்துப்போகும் ஜெல்லைத் தடவி, கேமரா பொருத்திய மெல்லிய குழாயை உள்ளே விட்டுப் பார்க்கும் சிஸ்டோஸ்கோப்பியும் தேவைப்படும். அதற்குச் சில நிமிடங்கள்தான் ஆகும்.